ஐந்தாம் இடத்துப் பெண்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
2 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

புவனா எழுதுகிறேன். நானும் இவரும் சுகாசினியும் சுகமாக இருக்கிறோம். டெல்லிக் குளிர் உங்களுக்கும் அண்ணிக்கும் ஒத்துக்கொள்கிறதா? அண்ணியின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

தேர்தல் முடிகிறவரை செஸ் சம்மேளன விஷயம் எதையும் போனில் பேசாதே, எல்லாரும் ரெக்கார்டு செய்கிறார்கள், கையால் எழுதித் தபாலில் போடு என்று தீபாவளியன்று சொன்னீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். ஆனால் இந்த விஷயம் ரகசியமில்லை. தெருவுக்கே தெரிந்துவிட்டது.

நேற்றுக் காலை ரேட்டிங் பட்டியல் வந்தது. சுகாசினிக்கு 2187. இருபது வயதுக்குட்பட்ட பெண்களில் நாட்டிலேயே ஐந்தாவது! ஜனவரி முதல் தேதிப் பட்டியலில் முதல் ஐந்து பேரை ஆசிய அணிப் போட்டிக்கு அனுப்புவதாக அக்டோபரில் உங்கள் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்ததல்லவா? மாவட்டச் சங்கத்தின் இணைச் செயலாளர் என்ற முறையில் அதைக் கோப்பில் சேர்த்தவளே நான்தான். அன்றிலிருந்து எத்தனை முறை எடுத்துப் படித்தேன் என்று எனக்கே கணக்கில்லை.

இவர் தறியை விட்டு எழுந்து வந்து, "இன்னா சொல்றே? நெஜமாவா? இன்னொரு தபா பாரு" என்றார். அவள் சிரித்துக்கொண்டே, "எத்தினி தபா பாத்தாலும் அஞ்சாவதுதான்பா. நாலாவது ஆவாது" என்றாள். இந்தப் போட்டிக்காகத்தான் ஒரு வருஷம் கல்லூரியை நிறுத்தியிருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியும்.

அப்பா இறந்தபோது நீங்கள் மாநில ஜூனியர் அணியில் இருந்தீர்கள். அணியோடு ரயில் ஏற வேண்டிய வாரத்தில் தறிக்குழியில் இறங்கினீர்கள். நான் படித்ததும் எனக்குக் கலியாணம் ஆனதும் அந்தத் தறியில்தான். உங்களுக்குக் கிடைக்காமல் போனது அவளுக்குக் கிடைக்கப் போகிறது. அதை உங்கள் கையால் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பப் போகிறீர்கள். இதை நினைத்து நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

அண்ணிக்கு என் வணக்கம்.

உங்கள் தங்கை,
புவனேஸ்வரி


புதுடெல்லி
19 ஜனவரி 2025

அன்புத் தங்கை புவனாவுக்கு,

ஏகாம்பரநாதர் அருளால் நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். காவேரிக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி ஏறினால் வலிக்கிறதாம்.

உன் கடிதத்தைக் காவேரிக்குப் படித்துக் காட்டினேன். அன்று மாலையே பாயசம் வைத்தாள். சுகாசினிக்குக் காது குத்தியபோது என் மடியில் உட்கார்ந்து என் கையைக் கடித்தவள், இன்று 2187.

ஒன்றை மட்டும் அண்ணன் சொல்கிறேன், கேட்டுக்கொள். நிர்வாகக் குழு பிப்ரவரியில் கூடி ஒப்புதல் தருகிறவரை எதுவும் முடிவானதில்லை. பத்திரிகைக்காரர்களிடம் பேச வேண்டாம். தெருவில் பேனர் வைக்க வேண்டாம். சம்மேளனத்தின் செயலாளர் தன் தங்கை மகளை அனுப்புகிறான் என்று சொல்லக் காத்திருக்கிறார்கள்.

இங்கே நிலவரம் சரியில்லை. இப்போதைய தலைவர் ஜூனில் விலகுகிறார். நான் போட்டியிடுகிறேன். எதிரணியும் வலுவாக இருக்கிறது. மேற்கு மண்டலத் தலைவர் கையில் ஐந்து மாநிலங்கள் இருக்கின்றன. அவர் எந்தப் பக்கம் நிற்கிறாரோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். தினமும் யார் வீட்டுக்காவது போய்த் தேநீர் குடித்துக்கொண்டிருக்கிறேன். உன்னோடு உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆடி எத்தனை வருஷமாகிறது!

குழந்தையை நன்றாகச் சாப்பிடச் சொல்.

அன்பு அண்ணன்,
தேவேந்திரன்


காஞ்சிபுரம்
12 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு எல்லாரும் நலம். நீங்களும் அண்ணியும் நலம்தானே?

நேற்று அணி அறிவிப்பு வந்தது. சுகாசினி பெயர் இல்லை. ஐந்தாவது பெயர் மேற்கு மண்டலத் தலைவரின் மகள்.

முதலில் தட்டச்சுப் பிழை என்று நினைத்தேன். பிறகு கூடவே வந்திருந்த சுற்றறிக்கையைப் பார்த்தேன். தேர்வுக்கு ஜனவரிப் பட்டியல் அல்ல, பிப்ரவரிப் பட்டியல்தான் என்று இருக்கிறது. ஜனவரிப் பட்டியலில் அந்தப் பெண் சுகாசினிக்கு ஆறு புள்ளி கீழே. நடுவில் அவர்கள் ஊரிலேயே எட்டுப் பேர் மட்டும் ஆடிய ஒரு போட்டி நடந்து, பிப்ரவரியில் ஒன்பது புள்ளி மேலே போய்விட்டாள். சுற்றறிக்கையில் தேதி டிசம்பர் 28 என்று போட்டிருக்கிறது. எங்கள் சங்கத்துக்கு அது நேற்றுத்தான் வந்தது.

உங்களைக் கேட்காமல் யாரோ இதைச் செய்திருக்க வேண்டும். கீழே இருப்பது உங்கள் கையெழுத்து. அவசரத்தில் பல தாள்களோடு நீட்டி வாங்கியிருப்பார்கள் என்று நான் இவரிடம் சொன்னேன். இவர் எழுந்து தறிக்குப் போய்விட்டார்.

சுகாசினி கேட்டது இதுதான்: "மாமாவுக்குத் தெரியுமாம்மா?" தெரிந்திருக்காது என்று சொல்லிவிட்டேன்.

சீக்கிரம் பதில் போடுங்கள்.

புவனா


புதுடெல்லி
3 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலம் கேட்டு எழுதவே கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இரண்டு வாரமாக ஊர் ஊராக அலைச்சல்.

குழந்தையின் பெயர் விவாதத்துக்கு வந்தபோது நான் கூட்டத்தை விட்டு வெளியே போய்விட்டேன். என் தங்கை மகள் என்பதால் நான் அங்கே உட்காரக் கூடாது, அதுதான் முறை. உள்ளே அவர்கள் விதியைப் பார்த்து முடிவெடுத்தார்கள். போட்டிக்கு மிக அருகில் இருக்கிற பட்டியலை எடுப்பதுதான் நியாயம் என்று தொழில்நுட்பக் குழு பரிந்துரைத்திருந்தது. சுற்றறிக்கை உங்களுக்குத் தாமதமாக வந்தது அலுவலகத்தின் கோளாறு. விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

மனசு உடையாமல் அவளைப் பார்த்துக்கொள். அடுத்த வருஷம் இருக்கிறது. அவளுக்கு இருக்கிற திறமைக்கு இது ஒரு சின்னத் தடங்கல்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்


காஞ்சிபுரம்
9 மார்ச் 2025

அண்ணனுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அடுத்த வருஷம் இல்லை அண்ணா. செப்டம்பரில் அவளுக்கு இருபது முடிகிறது. அவள் பிறந்த அன்று மருத்துவமனைக்கு முதலில் ஓடி வந்தவர் நீங்கள். உங்களுக்கு அது மறந்திருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் அலுவலகச் சுற்றறிக்கைகளை எண் வரிசையில் கோர்த்து வைப்பது என் வேலை. ஜனவரி 17ஆம் தேதியிட்ட சுற்றறிக்கையின் எண் 209. டிசம்பர் 28 என்று தேதியிட்ட இந்தச் சுற்றறிக்கையின் எண் 214. முன்னால் எழுதியதற்குப் பின்னால் எண் எப்படி வரும்?

வேறு யாராவது இதைப் பார்த்தார்களா என்று தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. இவரிடம்கூட.

தலைவரானால் நீங்கள் எத்தனையோ நல்லது செய்வீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என்னிடம் மட்டும் சுற்றி வளைத்து எழுத வேண்டாம். அன்று கூட்டத்துக்கு வெளியே நின்றீர்கள், சரி. அந்தக் கூட்டத்துக்கு முன்னால் என்ன நடந்தது?

சுகாசினி நன்றாக இருக்கிறாள். தினமும் பயிற்சி செய்கிறாள்.

புவனா


புதுடெல்லி
17 ஏப்ரல் 2025

புவனா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. பங்குனி உத்திரத்துக்கு ஊருக்கு வருவதாக இருந்தேன். ரயிலுக்குச் சீட்டுகூட வாங்கி வைத்திருந்தேன். உன் முகத்தைப் பார்க்க முடியாமல் வரவில்லை.

நீ கேட்டதற்கு ஐந்து வாரமாகப் பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கக் கூடாது என்று முடிவு செய்து எழுதுகிறேன். படித்துவிட்டு நீ கிழித்துவிடு.

அந்தச் சுற்றறிக்கையை நான்தான் எழுதினேன். பிப்ரவரி 5ஆம் தேதி எழுதி, டிசம்பர் 28 என்று தேதி போட்டேன். யாரும் நீட்டி வாங்கவில்லை.

மேற்கு மண்டலத் தலைவர் ஜனவரிக் கடைசியில் வீட்டுக்கு வந்தார். காவேரி போட்ட காபியைக் குடித்துக்கொண்டே, மகளுக்கு ஓர் இடம் வேண்டும் என்றார். ஐந்து மாநிலமும் உங்களுக்கு என்றார். அவ்வளவுதான் பேச்சு, ஐந்து நிமிஷம்கூட இல்லை.

இடம் உண்டாக்க இரண்டு வழி இருந்தது. நான்காவது இடத்துப் பெண் டிசம்பர் முகாமுக்கு வரவில்லை. அதைக் காரணம் காட்டி அவளை நீக்கியிருக்கலாம். இல்லையென்றால் தேதியை மாற்றலாம்; மாற்றினால் சுகாசினியின் இடம் போகும். இரண்டு நாள் யோசித்தேன். அந்தப் பெண்ணின் வீட்டார் கோர்ட்டுக்குப் போவார்கள். நம் வீடு போகாது. நீ பொறுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன் புவனா. அதனால்தான் நம் குழந்தையை எடுத்தேன். இதைவிட வெளிப்படையாக எனக்கு எழுதத் தெரியவில்லை.

நான் தலைவரானால் தேர்வு முழுவதையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி கணினியில் கொண்டுவருவேன். எந்தச் செயலாளரும் கை வைக்க முடியாது. அதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் நம்புகிறேன்.

குழந்தையிடம் சொல்லாதே. அவள் என்னை மாமா என்று கூப்பிடுவது நிற்கக் கூடாது.

அண்ணன்


காஞ்சிபுரம்
18 மே 2025

அண்ணனுக்கு,

எல்லாரும் நலம்.

உங்கள் கடிதம் வந்து நான்கு வாரமாகிறது. உடனே எழுத முடியவில்லை.

ஏப்ரல் 27ஆம் தேதி சென்னையிலிருந்து ஆதிகேசவன் என்று ஒரு வக்கீல் வீட்டுக்கு வந்தார். இப்படியே இடம் பறிபோன நான்கு பிள்ளைகளுக்காக வழக்குப் போட்டிருக்கிறார்களாம். சுகாசினியும் சேருகிறாளா என்று கேட்டார். சுற்றறிக்கையின் எண்ணை அவரும் பார்த்திருக்கிறார். ஆனால் குமாஸ்தா எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்று உங்கள் அலுவலகம் பதில் கொடுத்திருக்கிறதாம். "எழுத்துல வேற ஏதாவது இருக்காம்மா? செயலாளர் உங்க அண்ணன்னு கேள்விப்பட்டேன். லெட்டர், மெசேஜ், ஏதாவது?" என்றார்.

"எங்ககிட்ட ஒண்ணும் இல்லைங்க சார்" என்று சொன்னேன்.

அவர் போய்விட்டார். சுகாசினி வழக்கில் சேரவில்லை. ஆதாரம் இல்லாமல் மாமா மேல் எப்படிப் பழி போடுவது என்று அவளே சொன்னாள்.

போட்டியின் ஆட்டங்களை இணையத்தில் பார்த்தேன். அந்தப் பெண் நன்றாகத்தான் ஆடினாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. கடைசிச் சுற்றில் டிரா செய்த ஆட்டத்தில் ஜெயிக்க வழி இருந்தது. சுகாசினி பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் பார்க்கவில்லை.

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

புவனா


புதுடெல்லி
29 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

நீ பேப்பரில் பார்த்திருப்பாய். ஏழு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தேன். கழுத்து நிறைய மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் உனக்குப் போன் செய்தேன். மாப்பிள்ளை எடுத்து, நீ வெளியே போயிருப்பதாகச் சொன்னார். அடுத்த நாளும் அதையே சொன்னார்.

வக்கீலிடம் நீ சொன்னதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. தங்கையிடம் நன்றி சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்டில் இங்கே பெண்களுக்கு ஒரு பெரிய முகாம் நடத்துகிறேன். வெளிநாட்டிலிருந்து பயிற்சியாளர் வருகிறார். சுகாசினி பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். இந்த முறை யார் என்ன சொன்னாலும் கவலையில்லை. நம் வீட்டிலேயே தங்கலாம். காவேரி இப்போதே அறையை ஒழித்துவிட்டாள்.

கணினித் தேர்வு விஷயத்தை முதல் கூட்டத்திலேயே வைத்தேன். மேற்கு மண்டலத்தார் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். கொஞ்சம் பொறுமையாகத்தான் போக வேண்டும்.

ஏப்ரலில் எழுதிய அந்தக் கடிதத்தை என்ன செய்தாய் என்று நீ எழுதவில்லை.

குழந்தை எப்போது வருகிறாள் என்று எழுது.

அண்ணன்


காஞ்சிபுரம்
20 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

சுகாசினி முகாமுக்கு வரமாட்டாள். அவள் இப்போது இங்கே இல்லை. ஜூலை 11ஆம் தேதி வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

அவள் பிப்ரவரியிலிருந்தே ஆடவில்லை. தினமும் பயிற்சி செய்கிறாள் என்று உங்களுக்கு எழுதியது பொய். காய்களையெல்லாம் பையில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டாள். கல்லூரியில் மறுபடி சேர்கிறேன் என்றாள். சரி, அதுவாவது நடக்கட்டும் என்று இருந்தேன். ஜூலை 10ஆம் தேதி பிறப்புச் சான்றிதழ் தேடிப் பீரோவைத் திறந்திருக்கிறாள். என் கலியாணப் புடவைக்குக் கீழே உங்கள் கடிதம் இருந்தது. நான் கிழிக்கவில்லை அண்ணா. உங்களைக் காட்டிக் கொடுக்க வைத்திருந்தேன் என்று நினைக்க வேண்டாம். ஏன் வைத்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. நீங்கள் என்னிடம் உண்மை பேசியது அந்த ஒரு தாளில்தான்.

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்றாள்.

"ம்மா, இது எப்போ வந்துச்சு?"

"ஏப்ரல்ல."

"வக்கீல் வந்தாரே, அப்போ இது வீட்லதான் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "மாமா பண்ணது எனக்குப் புரியுதும்மா. அவருக்கு ஓட்டு வேணும். உனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டாள்.

உனக்கும் எனக்கும் இந்தக் குடும்பத்துக்கும் மாமா என்னவெல்லாம் செய்தார் என்று ஆரம்பித்தேன். தறிக்குழியில் இறங்கியதைச் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவள் கடிதத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து, அதே புடவைக்குக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கிளம்பினாள். ஓசூரில் ஏதோ மின்னணுத் தொழிற்சாலையாம். பெண்கள் விடுதியில் இருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மட்டும் போன் செய்கிறாள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "அம்மா பேசணும்ன்றாடா" என்பார். லைன் கட்டாகிவிடும்.

அந்தக் கடிதத்தை அவள் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நேரே வக்கீலிடம் கொடுத்திருக்கலாம். விட்டுவிட்டுப் போனாள். நாற்பது நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று ஆதிகேசவன் சாருக்குப் போன் செய்தேன். நீதிமன்றம் ஓர் ஓய்வுபெற்ற நீதிபதியை விசாரிக்கப் போட்டிருக்கிறதாம். அடுத்த மாதம் கடிதத்தைக் கொடுக்கப் போகிறேன். உங்களுக்குத் தெரியாமல் கொடுக்க மனம் வரவில்லை. அதனால் எழுதினேன்.

புவனேஸ்வரி


புதுடெல்லி
1 செப்டம்பர் 2025

புவனா,

மூன்று நாளாக அலுவலகம் போகவில்லை. காய்ச்சல் என்று காவேரியிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது.

அந்தக் கடிதத்தைச் சம்மேளனத்தின் செயலாளர் எழுதவில்லை. உன் அண்ணன் எழுதினான். அண்ணன் தங்கைக்கு எழுதியதை நாலு பேர் நடுவில் வைத்துப் படிக்க விடுவாயா?

அப்பா போனபோது எனக்குப் பதினேழு வயது. அன்றிலிருந்து உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன். ஒரு வருஷம் பொறு. தேர்வு முறையை மாற்றிவிட்டு நானே விலகிவிடுகிறேன். வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன்.

குழந்தையின் விடுதி முகவரியை அனுப்பு. நானே ஓசூர் போய் அவள் காலில் விழுகிறேன்.

அண்ணன்


காஞ்சிபுரம்
14 டிசம்பர் 2025

சுகாசினிக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவுக்குத் தோள்பட்டை வலி இருக்கிறது. மற்றபடி நலம். அங்கே குளிருக்குப் போர்வை போதுகிறதா? முகவரியை அப்பாதான் கொடுத்தார். அவரைக் கோபித்துக்கொள்ளாதே.

உன்னைத் திரும்பி வரச் சொல்ல எழுதவில்லை. நடந்ததை நீ என் வாயால் கேட்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

செப்டம்பர் கடைசியில் கடிதத்தை வக்கீலிடம் கொடுத்தேன். மாமா வேண்டாம் என்று எழுதியிருந்தார். அதற்குப் பதில் போடாமலே கொடுத்தேன். டிசம்பர் 9ஆம் தேதி டெல்லியில் விசாரணை. அப்பா கூட வந்தார். நீளமான ஒரு மேசை, பத்துப் பன்னிரண்டு பேர். என்னை எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். இந்தக் கடிதம் ஏப்ரலில் வந்தது, வக்கீல் கேட்டபோது இல்லை என்று பொய் சொன்னேன், என் மகளுக்கும் தெரியாமல் மறைத்தேன் என்று சொன்னேன். மாமாவைப் பார்க்காமல்தான் சொன்னேன்.

மாமாவின் வக்கீல் எழுந்து, இது அவர் கையெழுத்து என்பதற்கு என்ன நிச்சயம், நிபுணர் பார்க்க வேண்டும், அதுவரை இதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்றார். அப்படிச் செய்திருந்தால் இன்னும் இரண்டு வருஷம் இழுத்திருக்கலாமாம். ஆதிகேசவன் சார் பிறகு சொன்னார். நீதிபதி கடிதத்தை மாமாவிடம் நீட்டினார். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு தன் வக்கீலை உட்காரச் சொல்லிவிட்டு, "என் கையெழுத்துதான். எழுதியிருக்கிறது எல்லாம் உண்மை" என்றார்.

வெளியே வராந்தாவில் எதிரே வந்தார். பத்து வயசு கூடின மாதிரி இருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "திரும்பிப் போக டிக்கெட் கன்ஃபார்ம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்டார். ஆயிடுச்சுண்ணா என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரயிலில் நான் அழுதபோது அவர் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டார். நான் அவரிடமும்தானே மறைத்தேன்.

மறுநாள் மாமா பதவியை விட்டுவிட்டார். அத்தை எனக்குப் போன் செய்து ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "ஏன் புவனா?" போனை வைத்துவிட்டாள்.

அந்த ஐந்தாம் இடம் உனக்கு வர வேண்டியது என்று நீதிபதி அறிக்கையில் எழுதுவாராம். எழுதட்டும். போட்டி மே மாதமே முடிந்துவிட்டது. உனக்கு இருபது வயதும் முடிந்துவிட்டது. நான் ஏப்ரலிலேயே கொடுத்திருந்தால் போட்டிக்கு முன்னால் தடை வாங்கியிருக்கலாம் என்று ஆதிகேசவன் சார் சொன்னார். மனசில் வைத்துச் சொல்லவில்லை. நான் கேட்டதற்குப் பதில் சொன்னார்.

மாவட்டச் சங்கத்தில் இணைச் செயலாளர் பொறுப்பையும் நடுவர் வேலையையும் விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி எந்தப் பிள்ளையின் ஆட்டத்துக்கும் நான் நடுவராக உட்காரப் போவதில்லை.

உனக்கு இன்னா வேணும் என்று அன்று கேட்டாய். யோசித்துப் பார்த்தேன். அண்ணனும் வேண்டும், நீயும் வேண்டும் என்று இருந்தேன். உன்னை எப்படியும் சமாதானம் செய்துவிடலாம், நீ என் பிள்ளைதானே என்று நினைத்துவிட்டேன். மாமா என்னைப் பற்றி நினைத்ததையேதான் நான் உன்னைப் பற்றி நினைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு விடுமுறை உண்டா?

அம்மா


ஓசூர்
4 ஜனவரி 2026

அம்மாவுக்கு,

நான் நலம். போர்வை போதும். அப்பாவை ஒரு மாதமாவது தறியில் உட்காராமல் இருக்கச் சொல். சொன்னால் கேட்கமாட்டார். டாக்டரிடம் நீயே கூட்டிக்கொண்டு போ.

உன் கடிதத்தை நான்கு நாள் கழித்துத்தான் பிரித்தேன். ஆதிகேசவன் சாரும் போன் செய்திருந்தார். மாமா ஒப்புக்கொண்டுவிட்டார், சந்தோஷம்தானே என்று கேட்டார். தெரியவில்லை சார் என்றேன். அறையில் கூட இருக்கிற பெண் யாராவது செத்துட்டாங்களா என்று கேட்டாள். என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

மாமா வரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அவர் காலில் விழுந்தால் அதற்கும் நான்தான் அவரைத் தேற்ற வேண்டும்.

உன்மேல் எனக்கு என்ன கோபம் என்று சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீ வேறு எதையாவது நினைத்துக்கொண்டே இருப்பாய். அணியில் இடம் போனது எப்போதோ ஆறிவிட்டது. ஆதிகேசவன் சார் வந்த அன்று, எங்ககிட்ட ஒண்ணும் இல்லை என்று நீ சொன்னபோது அவர் நம்பாமல் என்னைப் பார்த்தார். நான், "எங்க அம்மா பொய் சொல்ல மாட்டாங்க சார்" என்றேன். நீ அப்போது சமையலறைக்குப் போய்விட்டாய். உன் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. விழுந்திருந்தால், அதை எனக்கு எழுத வேண்டாம்.

இங்கே எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. சின்னச் சின்ன மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழுது இருந்தால் ஒதுக்க வேண்டும். எனக்கு நன்றாக வருகிறது. மேற்பார்வையாளர் அம்மா, "உனக்கு மட்டும் எப்படிம்மா உடனே கண்ணுல படுது?" என்று கேட்டார்கள். நான் செஸ் ஆடினதை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற எண்ணமும் இல்லை.

பொங்கலுக்கு இரண்டு நாள் விடுமுறை இருக்கிறது. நான் வரவில்லை. அப்பாவை வேண்டுமானால் ஒரு நாள் இங்கே அனுப்பு.

நீ எழுதுவதை நிறுத்த வேண்டாம். வந்தால் படிப்பேன். பதில் போடுவேனா என்று இப்போது சொல்ல முடியாது.

சுகாசினி